தாதாபாயின் கணக்கும் நம்மவர் மனுவும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி மணவூரில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கடல் கடந்து சென்று குடியேறி, அங்கே பேராசிரியராகவும் அரசியல் தலைவராகவும் உயர்ந்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் நம்மைப் பணித்தார். திருத்தணி வட்டத்தில் இத்தலைப்பைச் சொன்ன மாத்திரத்தில் கேட்போர் உள்ளம் டாக்டர் இராதாகிருஷ்ணனிடம் சென்றுவிடும். திருத்தணியில் பிறந்தவர், 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர், 1962இல் குடியரசுத் தலைவரானவர். ஆயினும் அவர் இங்கிலாந்தில் குடியேறியவர் அல்லர்; அந்நாட்டு அரசியலில் இறங்கியவரும் அல்லர். மேலும், ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் அவரைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் பேசியும் பேசக் கேட்டும் வருகிறோம். ஆதலின் இன்று வேறொருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தாதாபாய் நவ்ரோஜி.

"பம்பாய்ப் பார்சிக்காரருக்கும் நம் சேரிக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. 1893ஆம் ஆண்டில் ஒரு பெரும் கேள்வி எழுந்தபோது தாதாபாய் ஒரு பக்கத்திலும், நம் முன்னோர் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் நின்றனர். பாடநூல்கள் அவர் பக்கத்தை மட்டும் கூறும். நம்மவர் பக்கத்தை நாமே கூறிக்கொண்டாலன்றி வேறு யார் கூறுவர்? இருப்பினும், எதிர்ப்பக்கத்தில் நின்றார் என்பதனாலேயே ஒரு பெரியவரின் பெருமையைக் குறைத்துப் பேசுவது கற்றவர்க்கு அழகன்று. முதலில் அவர் யார் என்பதைப் பார்ப்போம்.

தாதாபாய் 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் ஓர் ஏழைப் பார்சி புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தந்தை மறைந்தார். தாய் மாணெக்பாய் எழுதப் படிக்க அறியாதவர். மறுமணத்தை நாடாமல், உழைத்து, மகனைப் படிக்க வைத்தார். அந்நாளில் பம்பாயில் கட்டணமின்றிக் கல்வி தந்த பள்ளி ஒன்று இருந்தது. கட்டணம் கேட்டிருந்தால் தாதாபாய் என்னும் பெயரை இன்று எவரும் அறிந்திருக்க மாட்டார். இதைப் பிற்காலத்தில் அவரே நினைந்து எழுதியிருக்கிறார். தம் கல்விக்கான செலவு மக்களுடைய பொருளிலிருந்து வந்தது. ஆகவே தம்மிடம் உள்ளதில் சிறந்ததை அம்மக்களுக்கே திருப்பித் தருவது தம் கடன் என்பது அவர் எண்ணம். அரசு விடுதியில் தங்கி, அரசு உதவித்தொகை பெற்றுப் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். உதவித்தொகை பெறுவதை இழிவாகப் பேசுவோர் இன்றும் இருக்கின்றனர். இந்திய தேசியத்தின் முதுபெரும் கிழவர் என்று போற்றப்படுபவரே கட்டணமில்லாப் பள்ளியில் படித்தவர்தாம் என்று அவர்களுக்கு விடை கூறலாம்.

எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1845ஐ ஒட்டி, நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி என்பவர் இவரை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சட்டம் பயிற்றுவிக்க விரும்பினார். பாதிச் செலவைத் தாம் ஏற்பதாகவும், மறுபாதியைப் பார்சிச் சமூகத்துப் பெரியவர்கள் ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். அப்பெரியவர்கள் பின்வாங்கிவிட்டனர். காரணம் என்ன தெரியுமா? பையன் அங்கே போய்க் கிறித்தவனாக மாறிவிடுவான் என்னும் அச்சம். பணம் இருந்தது; துணிவு இல்லை. நம்மிடையே பணம் இல்லாத வீடுகளே மிகுதி. எனினும், அயல்நாடு சென்று பயில மாநில அரசும் நடுவண் அரசும் ஆதிதிராவிட மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் இந்நாளில், "அவ்வளவு தூரம் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்று விண்ணப்பத் தாளை மடித்து வைத்துவிடும் பெற்றோரை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். இது 1845ஆம் ஆண்டின் அச்சத்திற்கு உடன்பிறப்பு.

வழக்கறிஞராகும் வாய்ப்பை இழந்த தாதாபாய், ஆசிரியரானார். 1849இல் நண்பர்களுடன் சேர்ந்து பெண்களுக்குப் பள்ளிகள் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று, "திண்ணையில் வைத்தாவது உங்கள் பெண்ணுக்குப் பாடம் சொல்ல விடுங்கள்" என்று கேட்டனர். சிலர் இசைந்தனர், சிலர் படிக்கட்டிலிருந்து தள்ளிவிடுவோம் என்று மிரட்டினர். அதற்கு ஓராண்டு முன்னர், 1848இல், பூனாவில் மகாத்மா ஜோதிராவ் புலேவும் அன்னை சாவித்திரிபாயும் பெண்கள் பள்ளியைத் தொடங்கியிருந்தனர். புலே தம்பதியர் அத்துடன் நில்லாமல், மகார், மாங்கு குலத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி கண்டனர். தாதாபாயின் பள்ளிகள் அவ்வளவு தூரம் செல்லவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

முப்பது வயதுக்குள் அவர் எல்பின்ஸ்டனில் கணிதத்துக்கும் இயற்கைத் தத்துவத்துக்கும் பேராசிரியரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். அந்த உயர்ந்த வேலையை விட்டுவிட்டு, 1855ஆம் ஆண்டு ஜூன் மாதம், காமா குடும்பத்தாரின் வணிக நிறுவனத்தில் பங்காளியாக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பேராசிரியர் கடைக்காரர் ஆவதா என்று பலர் வருந்தினர். ஆனால் அவர் நோக்கம் வேறு. அந்நாட்டில் இந்தியர் காலூன்ற ஓர் இடம் வேண்டும் என்று கருதினார். அபினியிலும் மதுவிலும் வரும் இலாபத்தில் பங்கு கொள்ள மனமின்றி, சில ஆண்டுகளில் அந்நிறுவனத்திலிருந்து விலகித் தனியே பருத்தி வணிகம் நடத்தினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1856 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் குஜராத்திப் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

அந்த 1856ஆம் ஆண்டை இவ்வூரார் மறக்கலாகாது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. நம் மணவூர் நிலையம் நிற்கும் தடம் அதுவே. அந்த ரயில் பாதைகளுக்கு முதல் போட்டவர்கள் இங்கிலாந்தில் இருந்தனர். ரயிலில் இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்குக் குறித்த வட்டி கிடைக்கும் என்று அரசு உறுதி கொடுத்திருந்தது. அந்த வட்டி எங்கிருந்து போயிற்று? ஏர் உழுதவன் கட்டிய வரியிலிருந்தும், கஞ்சிக்கு உப்பு வாங்கியவள் கொடுத்த உப்பு வரியிலிருந்தும் போயிற்று. இப்படிப் போகும் பணம் எவ்வளவு, அதற்கு ஈடாகத் திரும்பி வருவது எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்தாம் தாதாபாய். இதைத்தான் செல்வச் சுரண்டல் கோட்பாடு என்று பாடநூலில் படிக்கிறீர்கள்.

கணக்கு ஆசிரியர் அல்லவா? அவர் உணர்ச்சியால் வாதிடவில்லை. அரசே அச்சிட்ட அறிக்கைகளைக் கொண்டு வாதிட்டார். 1876இல் இந்தியாவின் வறுமையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். 1867 முதல் 1870 வரையிலான விவரங்களைத் திரட்டி, பிரிட்டிஷ் இந்தியாவின் பதினேழு கோடி மக்களுக்கு ஆண்டு விளைச்சல் முழுவதும் சேர்ந்து முந்நூற்று நாற்பது கோடி ரூபாய் என்று கணித்தார். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். சிறைச்சாலையில் ஒரு கைதிக்கு அரசு செய்த செலவு அதைவிட அதிகம் என்பதையும் அரசின் புள்ளிவிவரங்களாலேயே காட்டினார். குற்றம் செய்து உள்ளே இருப்பவன், குற்றம் செய்யாமல் வெளியே இருப்பவனைவிட நன்றாக உண்டான்!

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மனிதன் உயிர் வாழக் குறைந்த அளவு எவ்வளவு உணவு தேவை என்பதை அவர் எதைக் கொண்டு அளந்தார்? கல்கத்தாவிலிருந்து கப்பலேறும் ஒப்பந்தக் கூலிகளுக்கு அரசு மருத்துவ ஆய்வாளர் 1870இல் விதித்திருந்த உணவு அளவைக் கொண்டு அளந்தார். இத்தனை அரிசி, இத்தனை பருப்பு, இத்தனை உப்பு என்று வேலையின்றிக் கப்பலில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் கூலிக்கு விதித்த அளவு அது. உழைக்கும் மனிதனுக்கு அதுவும் போதாது என்பது அவர் வாதம்.

அந்தக் கூலிகள் யார்? கல்கத்தாவிலிருந்து சென்றதைப் போலவே சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அவர்கள் சென்றனர். 1860 நவம்பரில் நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்த முதல் கூலிக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டதே. வட ஆற்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களிலிருந்து பின்னர் ஆயிரக்கணக்கில் சென்றனர். திருத்தணி அன்று வட ஆற்காட்டைச் சேர்ந்தது. அப்படிச் சென்றவர்களில் நம் முன்னோர் பலர் இருந்தனர். பேராசிரியர் தாதாபாயும் கடல் கடந்தவர். பெயர் தெரியாத அந்தப் பண்ணையாளும் கடல் கடந்தவர். ஒருவர் கணக்கு எழுதினார். மற்றவர் அக்கணக்கில் அளவுகோலாக இருந்தார். யாரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உள்ள நிலை இது.

அவர் வாழ்வின் நடுப்பகுதியை விரைந்து சொல்லிவிடுகிறோம். 1866இல் கிழக்கிந்தியச் சங்கத்தை இலண்டனில் நிறுவினார். அதே ஆண்டு, ஆசிய மக்கள் பிறவியிலேயே ஐரோப்பியரைவிடத் தாழ்ந்தவர்கள் என்று ஜான் கிராபர்டு என்னும் அறிஞர் எழுதிய கட்டுரைக்கு ஆதாரங்களுடன் மறுப்பு வழங்கினார். 1874இல் பரோடா சமஸ்தானத்தின் திவானாக வந்தார்; அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கிடையே நீடிக்க இயலாமல் ஓராண்டு ஆகும் அளவில் பதவி துறந்தார். 1885இல் காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1886, 1893, 1906 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதன் தலைவர்.

1886இல் இலண்டன் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். இதைச் சுட்டி, பிரதமர் சாலிஸ்பரி பிரபு 1888இல் எடின்பரோவில் பேசும்போது, ஓர் ஆங்கிலத் தொகுதி ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் காலம் இன்னும் வரவில்லை என்னும் கருத்துப்பட உரைத்தார். ஆங்கிலேயரில் நல்லோர் பலர் இதனால் வெட்கமடைந்தனர். தாதாபாயின் மேனி பிரதமரின் மேனியைவிட வெளுப்பு என்று சிலர் வேடிக்கையாகச் சொன்னார்களாம். வேடிக்கை இருக்கட்டும், கறுப்பாகவே இருந்தால்தான் என்ன குறை? அதை அன்று கேட்டவர் குறைவு.

1892 ஜூலையில் தொழிலாளர் நிறைந்த மத்திய பின்ஸ்பரி தொகுதியில் லிபரல் கட்சியின் சார்பில் மீண்டும் நின்றார். ஐந்து வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். மறு எண்ணிக்கையில் வேறுபாடு மூன்றாகக் குறைந்தது. 2,959க்கு 2,956. நவ்ரோஜி என்னும் பெயரையே திரித்து, 'குறுகிய பெரும்பான்மையார்' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் அழைத்துக் கேலி செய்தனர். "ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?" என்று கேட்டு வாக்குச்சாவடிக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடும் இளைஞர்கள் இந்த மூன்று வாக்குகளை எண்ணிப் பார்க்கட்டும். காமன்ஸ் சபையில் இந்தியக் குருதி உடைய முதல் உறுப்பினர் இவரே என்று சில நூல்களில் காணப்படுவது முற்றும் சரியன்று. 1841இல் டைஸ் சோம்பர் என்னும் கலப்பினத்தவர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்; கையூட்டுக் குற்றச்சாட்டால் அவருடைய தேர்தல் மறு ஆண்டே செல்லாதாயிற்று. எனவே நேர்மையாக வென்று, ஆட்சிக்காலம் முழுவதும் அமர்ந்து பணியாற்றிய முதல் இந்தியர் தாதாபாய் என்பதே பொருந்தும். இங்கிலாந்தில் காலடி வைத்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, அறுபத்தாறாம் வயதில் கிடைத்த வெற்றி அது.

இனி 1893க்கு வருவோம். அன்று இந்தியாவை ஆண்டவர்கள் ஐ.சி.எஸ். அதிகாரிகள். அந்தத் தேர்வு இலண்டனில் மட்டும் நடந்தது. கப்பற் செலவு செய்து அங்கே சென்று, ஆங்கிலப் பிள்ளைகளோடு போட்டியிட வசதி படைத்த இந்தியர் சிலரே. ஆகவே இலண்டனில் நடக்கும் அதே வேளையில் இந்தியாவிலும் தேர்வு நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் நெடுநாள் கோரிக்கை. 1893 ஜூன் 2ஆம் நாள் ஹெர்பர்ட் பால் என்னும் உறுப்பினர் இதற்கான தீர்மானத்தைக் காமன்ஸ் சபையில் கொண்டு வந்தார். தாதாபாய் அதை ஆதரித்து வாதாடினார். 84க்கு 76 என்னும் வாக்குகளில் தீர்மானம் நிறைவேறிற்று. இந்தியா முழுதும் படித்தவர்கள் மகிழ்ச்சிக் கூத்தாடினர்.

சென்னையில் ஒருவர் மட்டும் மகிழவில்லை. அவர் இரட்டைமலை சீனிவாசன். பறையர் மகாஜன சபையை 1891இல் நிறுவியவர். 'பறையன்' என்னும் பெயரிலேயே ஓர் இதழை 1893இல் தொடங்கியவர். எந்தச் சொல்லால் பிறர் இழித்தனரோ, அந்தச் சொல்லையே தம் கொடியில் எழுதிப் பிடித்தவர். தேர்வு இந்தியாவில் நடந்தால் யார் தேறுவர்? பள்ளிக்கூடத்தின் வாசற்படியையே மிதிக்க விடாத நம் பிள்ளைகளா தேறுவர்? தலைமுறை தலைமுறையாய்ப் படித்தவர்களே தேறுவர். கிராமத்தில் கிணற்றையும் தெருவையும் நமக்கு மறுப்பவரே நாளை கலெக்டர் நாற்காலியிலும் அமர்ந்தால், முறையிட யாரிடம் போவது? இவ்வாறு எண்ணிய அவர், சென்னையில் நம் மக்களைக் கூட்டி, அத்தீர்மானத்தை எதிர்த்து மனு ஒன்று எழுதினார். 3,412 பேர் கையொப்பமிட்டனர். மனுவின் நீளம் 112 அடி. அதை ஜெனரல் செஸ்னி என்னும் உறுப்பினர் வழியாகக் காமன்ஸ் சபைக்கே அனுப்பிவைத்தார்.

இளைஞர்களே, சற்று நின்று எண்ணிப் பாருங்கள். 112 அடி! நம் கூட்டம் நடக்கும் இப்பந்தலின் நீளம் அவ்வளவு இராது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகம், ஆண்டைகளின் கண்ணுக்குத் தப்பி, தன் பெயரை எழுதி ஒட்டி ஒட்டி இவ்வளவு நீளத் தாளைக் கடல் கடந்து அனுப்பியிருக்கிறது. கையொப்பமிட்டவர்களின் பெயர்களை வரலாற்று நூல்கள் வரிசைப்படுத்தவில்லை. தாதாபாய்க்கு வாக்களித்த 2,959 பேரைவிட அவர்கள் எண்ணிக்கையில் கூடுதல் என்பதையாவது நாம் குறித்து வைப்போம். 1893 டிசம்பர் இறுதியில் தாதாபாய் லாகூரில் காங்கிரசு மாநாட்டுத் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். கோரிக்கை ஒன்றுக்காக ஒருவர் ஊர்வலமாக அழைத்துச் செல்லப்பட்ட அதே பருவத்தில், அக்கோரிக்கை வேண்டா என்று சென்னைச் சேரிகளில் கையொப்பம் திரண்டது.

இதனால் நம்மவர் தேசத்துரோகிகள் என்று அந்நாளில் தூற்றப்பட்டனர். இன்றும் அப்படி எழுதுவோர் உண்டு. ஆகவே இதைத் தெளிவாகப் பேச வேண்டும். தாதாபாய் போட்ட கணக்கு பிழையா? அன்று. இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்குப் போயிற்று, போனது உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பத்தி விடுபட்டிருந்தது. பண்ணையாளின் உழைப்பு அவன் கையை விட்டு ஊர்ப் பெரியவரின் குதிருக்குப் போன கணக்கு அது. இலண்டனுக்குப் போகும் பணத்தை எழுதிய பேரேட்டில், சேரியிலிருந்து ஊருக்குப் போன நெல் எழுதப்படவில்லை. இந்தியன் ஒவ்வொருவனுக்கும் சராசரி 20 ரூபாய் என்றார். சராசரி என்பது பெரிய மாயக்காரன். இருநூறு உள்ளவனையும் இரண்டு உள்ளவனையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிடும். கணக்கில் மட்டுமே அப்படி உட்கார முடிந்தது, ஊரில் முடியவில்லை.

அந்த விடுபட்ட பத்தியை அக்காலத்திலேயே ஓர் ஆங்கில அதிகாரி எழுதினார் என்பது வியப்பு. செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, குடியிருக்கும் மனையும் சொந்தமின்றி, தரிசு நிலம் கேட்டாலும் மிராசுதாரர் தடையால் பெற முடியாமல் நம் மக்கள் பட்ட பாட்டைச் சொல்கிறது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த 1010ஆம் எண் அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அது எத்தனை ஏக்கர் கைமாறிப் போயிற்று என்பது இன்னொரு கூட்டத்துக்கு உரிய பேச்சு.

தாதாபாய் இதை அறியாதவரா? ஐரோப்பியர் பிறவியில் உயர்ந்தோர் என்பதை 1866இல் ஆதாரத்தோடு மறுத்த அவர், பிறவியில் உயர்வு தாழ்வு சொல்லும் நம் நாட்டு வழக்கத்தைக் காணாதிருக்க முடியுமா? கண்டிருப்பார். ஆனால் 1886இல் கல்கத்தா மாநாட்டில் தலைமை உரை ஆற்றியபோது, நாடு முழுமைக்கும் பொதுவான அரசியல் கேள்விகளை மட்டுமே காங்கிரசு பேச வேண்டும், சமூகச் சீர்திருத்தங்களை அந்தந்த வகுப்பாரிடம் விட்டுவிட வேண்டும் என்னும் நிலைப்பாட்டை எடுத்தார். தீண்டாமை எந்த வகுப்பாரின் தனிக் காரியம்? தீண்டாதவரின் காரியமா, தீட்டு என்று விலக்கினவரின் காரியமா? அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் தாதாபாயின் இந்த உரையை எடுத்துக்காட்டி, காங்கிரசு தொடக்கத்திலிருந்தே எங்கே நின்றது என்பதை விளக்குகிறார். தீண்டாமைக் கொடுமையை நீக்கக் கோரி அம்மாமன்றம் முதன்முதலாகத் தீர்மானம் இயற்றியது 1917ஆம் ஆண்டில். பிறந்து 32 ஆண்டுகள் கழித்து.

அந்த 1917 விந்தையான ஆண்டு. ஜூன் 30ஆம் நாள் தாதாபாய் பம்பாயில் காலமானார். அதே ஆண்டில், இலண்டனில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணல் அம்பேத்கர் தாயகம் திரும்பக் கப்பலேறினார். தாதாபாய் பயின்று, பயிற்றுவித்த அதே எல்பின்ஸ்டனில் படித்துப் பட்டம் பெற்றவர் அண்ணல். தாதாபாய் திவானாக இருந்த அதே பரோடாவுக்குத்தான், பெற்ற உதவித்தொகைக்கு ஈடாகப் பணிபுரியச் சென்றார். அங்கே தங்க இடமின்றிப் பார்சிகள் நடத்திய விடுதி ஒன்றில் தம்மை மறைத்துத் தங்கியதும், செய்தி அறிந்து பார்சிகள் பலர் தடிகளுடன் வந்து அவரை வெளியேற்றியதும், ஊர் எல்லையில் ஒரு மரத்தடியில் அமர்ந்து அவர் கண்ணீர் விட்டதும் நீங்கள் அறிந்ததே. தடி எடுத்தவர்களின் குற்றத்தை மூன்று மாதம் முன்னர் மறைந்த தாதாபாயின் தலையில் நாம் சுமத்த மாட்டோம். ஆனால் இரண்டு பேராசிரியர்களுக்கும் பரோடாவில் நேர்ந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஒருவர் அரண்மனைச் சூழ்ச்சியால் வெளியேறினார். மற்றவர் படுக்க ஒரு கட்டில் கிடைக்காமல் வெளியேறினார்.

தாதாபாயின் பிற்கால வாழ்வும் குறைவற்றதே. 1895 தேர்தலில் தோற்றார். இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தில் முதல் இந்திய உறுப்பினராக அமர்ந்தார். தம் வாழ்நாள் ஆராய்ச்சியை 1901இல் பெரிய நூலாக வெளியிட்டார். எண்பத்தொரு வயதில், 1906 கல்கத்தா மாநாட்டில், சுயராச்சியம் என்னும் சொல்லைக் காங்கிரசு மேடையில் ஒலித்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தை விட்டுத் தாயகம் திரும்பினார். நெடிய அயல்நாட்டு வாழ்வில் தம் நாட்டின் வறுமையை அவர் ஒரு நாளும் மறந்தாரில்லை. வெளிநாட்டுக்குச் சென்று இரண்டே ஆண்டில் ஊர்ப்பேரைக் கேட்டால் முகம் சுளிப்பவர்களை எண்ணும்போது, இம்மனிதரின் உயரம் நமக்குப் புலனாகும்.

இரட்டைமலையாரும் கடல் கடந்தவரே என்பதைச் சொல்லாவிட்டால் இவ்வுரை குறைபடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். கப்பற் கூலிகளாகச் சென்றோரின் வழக்குகளில் அவர்கள் வாய்ச்சொல்லை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் பணி அது. தாயகம் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். பொதுத் தெருவையும் பொதுக் கிணற்றையும் எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924இல் நிறைவேறச் செய்தவர் அவர்தாம். 1930இல் வட்டமேசை மாநாட்டுக்காக அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் சென்றார். 112 அடி மனுவைக் கப்பலில் அனுப்பியவர், முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, அதே நகரில், தாமே நேரில் பேசினார்.

ஐ.சி.எஸ். தேர்வு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். காமன்ஸ் சபைத் தீர்மானத்தை இந்திய அரசு அன்று செயற்படுத்தவில்லை. 1922இல்தான் அலகாபாத்தில் முதன்முதலாகத் தேர்வு நடந்தது. மனு எழுப்பிய கேள்வியோ அப்போதும் விடையின்றியே நின்றது. தேர்வு எங்கே நடந்தாலும், அந்நாற்காலியில் நம்மவர் அமர வழி என்ன? வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால், 1943இல் நடுவண் அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு எட்டே கால் விழுக்காட்டுக்குச் சற்று மேலாக, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, இடம் ஒதுக்கப்பட்டது. 1946இல் அது பன்னிரண்டரை விழுக்காடாக உயர்ந்தது. 1893இல் சென்னையில் 3,412 பேர் கேட்ட கேள்விக்கு 1943இல் விடையின் முதல் வரி எழுதப்பட்டது.

இரட்டைமலையார் 1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாகத் தாமே எழுதி வெளியிட்டார். சிறிய நூல், ஒரே அமர்வில் படித்துவிடலாம். தாதாபாயின் நூலோ பெரியது, எண்கள் நிறைந்தது. கல்லூரியில் பொருளியல் பயிலும் பிள்ளைகள் முயலட்டும். இரண்டையும் நம் சங்க நூலகத்துக்கு வாங்கிவைக்குமாறு செயலாளரைக் கேட்டிருக்கிறோம், இசைந்திருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்தில் இவ்விரு நூல்களைப் பற்றி நம் கல்லூரி மாணவர் இருவர் பேச முன்வந்துள்ளனர். அவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு தலைவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.